எலும்புக்குள்ளே பார்ப்பதற்கு: தேய்ப்பதா, கரைப்பதா, ஸ்கான் எடுப்பதா?

என் பெறாமகள் யாழ்ப்பாணத்தில் இறுதி வருடம் படிக்கிறாள். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஆட்டின் தொடை எலும்பு. அதன் தலைப்பகுதியில் பஞ்சுபோல் துளைகள் நிறைந்த எலும்பு இருக்கிறதே, அதன் சட்டங்கள் எந்தத் திசைகளில் ஓடுகின்றன, பால்குடிக் குட்டியில் இருப்பதும் வளர்ந்த ஆட்டில் இருப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்று காட்ட வேண்டும். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது கேட்டாள்: "சித்தப்பா, எலும்புக்குள்ள இருக்கிறதை முப்பரிமாணத்தில பாக்கோணும். எந்த வழி எண்டு இந்த மாசத்துக்குள்ள சொல்லச் சொல்லுகினம். எது நல்லது?"

நான் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன். எலும்பு, பல், சிப்பி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தே பாதி ஆயுள் போனது. ஆகவே அவளுக்குச் சொன்ன பதில் நீண்டுவிட்டது. அவளைப் போல இந்தத் தெரிவுக்கு முன்னால் நிற்கும் வேறு பிள்ளைகளும் இங்கே இருப்பார்கள் என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் அவளிடம் திருப்பிக் கேட்டது, "உனக்கு உண்மையிலேயே முப்பரிமாணம் வேணுமா?" என்பதுதான்.

ஓர் இடியப்பத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை மட்டும் பாருங்கள். புள்ளிகளும் சிறு கோடுகளும்தான் தெரியும். புள்ளி ஒரு நீண்ட இழையின் முனையா, தனியாகக் கிடக்கும் ஒரு மணியா? கோடு என்பது படுத்திருக்கும் இழையா, நின்றிருக்கும் ஒரு தகட்டின் விளிம்பா? வெட்டுமுகம் இதைச் சொல்லாது. பஞ்சுபோன்ற அந்த எலும்பிலும், அதாவது பஞ்சென்பிலும், இதே சிக்கல்தான். அதில் கோல்களும் உண்டு, தகடுகளும் உண்டு. தட்டையான வெட்டில் இரண்டும் ஒரே மாதிரிப் பட்டைகளாகத் தெரியும்.

ஆனால் தட்டையான வெட்டு பயனற்றது என்று நினைத்துவிடக் கூடாது. 1847இல் டெலெஸ் என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் பாறைகளைப் பற்றி ஓர் உண்மையைச் சொன்னார். பாறையின் வெட்டுமுகத்தில் ஒரு கனிமம் எத்தனை வீதப் பரப்பைப் பிடிக்கிறதோ, அத்தனை வீதக் கனவளவைத்தான் அது பாறைக்குள்ளும் பிடித்திருக்கும். வெட்டுகளைப் பக்கச்சார்பின்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எலும்புக்கும் அது அப்படியே பொருந்தும். ஆகவே "இந்தக் கனவளவில் எத்தனை வீதம் எலும்பு?" என்பது மட்டும்தான் கேள்வி என்றால், நல்ல வெட்டுகள் சிலவற்றை எடுத்து எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எந்தச் சட்டம் எதோடு இணைந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற கேள்விக்குத்தான் மூன்றாவது பரிமாணம் தவிர்க்க முடியாதது.

இந்த வேறுபாடு ஆய்வுகூடத்துக்குள் மட்டும் நிற்பதில்லை. வயதானவர்களுக்கு எலும்பின் அடர்த்தி பார்க்க எடுக்கும் டெக்சா பரிசோதனை, ஒரு பரப்பின் பின்னால் எவ்வளவு கனிமம் இருக்கிறது என்று கூட்டிச் சொல்வது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம் என்று அதில் எண் வரும். ஒரே எண் வந்த இருவரில் ஒருவருக்குச் சட்டங்கள் எல்லாம் மெலிந்தும் தொடர்ந்து நிற்கலாம். மற்றவருக்குச் சில சட்டங்கள் தடிப்பாக இருக்க, பல நடுவில் அறுந்து போயிருக்கலாம். கூரையின் சிலாகை எல்லாம் கொஞ்சம் மெலிந்த வீடும், சில சிலாகை முறிந்துபோன வீடும் ஒன்றல்ல.

பெறாமகளின் கேள்வி திசை பற்றியது. அதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1860களில் சூரிச்சில் ஹெர்மன் ஃபொன் மெயர் என்ற உடற்கூற்றியலாளர் மனிதத் தொடை எலும்பின் வெட்டுமுகத்தைக் காட்டியபோது, கார்ல் குல்மான் என்ற பொறியியலாளர் அந்தக் கோடுகளில் பாரந்தூக்கியில் விசை ஓடும் பாதைகளைக் கண்டார். 1892இல் யூலியஸ் வொல்ஃப், சுமைக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று அதை விதியாகவே எழுதினார். அத்தனை பெரிய சிந்தனைக்கு அடிப்படையாக இருந்தது வாளால் அறுத்த ஒரு தட்டையான முகம். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் முப்பரிமாணத்தில் மறுபடியும் பார்க்க வேண்டி வந்தது. ஆகவே பெறாமகளுக்கு அது வேண்டும்தான்.

அடுத்தது, எந்த அளவில் பார்ப்பது? எலும்பு மாடிமேல் மாடியாகக் கட்டிய பொருள். மனித எலும்பின் கணக்கைச் சொல்கிறேன். பஞ்சென்பின் ஒரு சட்டம் ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரோமீற்றர் தடிப்பு. அடர்ந்த எலும்பில் இருக்கும் ஏவேசின் தொகுதி, அதாவது நடுவில் குருதிக் குழாய் ஓட அதைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கிய உருளை, ஏறக்குறைய 200 மைக்ரோமீற்றர் விட்டம். அந்த வளையங்களில் ஒவ்வொன்றும் 3 முதல் 7 மைக்ரோமீற்றர். அவற்றுக்கிடையே எலும்புக் கலம் குடியிருக்கும் குழிகள். குழிகளை இணைக்கும் நுண்கால்வாய்கள் அரை மைக்ரோமீற்றருக்கும் குறைவு. அதற்கும் கீழே கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள். 67 நனோமீற்றருக்கு ஒரு தடவை வரிவரியாகத் தெரியும். நாருக்குள்ளும் வெளியிலும் எலும்பின் கனிமமான ஐதரொட்சி அப்பதைற்றுப் பளிங்குத் தகடுகள், சில நனோமீற்றர் தடிப்பில். மேலிருந்து கீழே வரும்போது அளவு பல்லாயிரம் மடங்கு சுருங்குகிறது. இத்தனை அளவையும் ஒரே கருவியில் பார்க்க ஏலாது. எந்த மாடியில் நிற்கப்போகிறாய் என்று முடிவெடுத்தால் தெரிவுகளில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

கரைத்து வெட்டுவது

பழகிய வழி இது. எலும்பில் நிறையின்படி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அதை அமிலத்திலோ, கல்சியத்தைப் பிடித்திழுக்கும் ஈடிடிஏ கரைசலிலோ கரைத்து எடுத்துவிட்டால், மிஞ்சுவது கொலாஜன் நிறைந்த, றப்பர் போல வளையும் ஓர் எலும்பு. கோழிக் காலெலும்பை வினாகிரியில் சில நாள் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அதுதான். பிறகு மெழுகில் பதித்து, மைக்ரோற்றோம் என்ற சீவும் கருவியில் 5 மைக்ரோமீற்றர் சீவலாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கலாம்.

கலங்கள் வேண்டுமென்றால் இதற்கு நிகரில்லை. எலும்பைக் கட்டும் கலம், தின்னும் கலம், கசியிழையம் (குருத்தெலும்பு), எலும்புக்குள் இருக்கும் மென்மையான மச்சை எல்லாம் நிறம் நிறமாகத் தெரியும். அவசரத்துக்கு வலிய அமிலம் போட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. நடுநிலையான ஈடிடிஏயில் வாரக்கணக்கில் பொறுமையாக வைத்திருக்க வேண்டும்.

முப்பரிமாணம் என்று வந்தால்தான் இது வதைக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு 200 சீவல். ஒவ்வொன்றும் தண்ணீரில் மிதக்கும்போது கொஞ்சம் விரியும், மடியும், கிழியும். அவற்றை மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது, கிழித்த பனையோலையை மறுபடி ஓலையாக்குவது போன்ற வேலை. முடியாதது அல்ல. 1958இல் கோகன், ஹாரிஸ் என்ற இருவர் நாயின் தொடை எலும்பை வரிசைச் சீவல்களாக்கி, ஏவேசின் தொகுதிகள் நேரான தனித்தனிக் குழாய்கள் அல்ல, கிளைவிட்டு ஒன்றோடொன்று சேருபவை என்று காட்டினார்கள். கணினியின் உதவி இல்லாமல் செய்த உழைப்பு. ஆறு மாதம் மட்டும் கையிலிருக்கும் ஒரு மாணவியை நான் அதற்குள் இறக்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது மாட்டுப் பல் ஒன்றை அமிலத்தில் போட்டு, பக்குவமாக வெட்டி, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பல்லின் உட்பகுதியான டென்ரின் இருந்தது. அதன் மேலே பல்லை மூடும் கடினமான மிளிரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பிழை என் கையில் இல்லை, முறையில்தான். மிளிரியில் நிறையின்படி ஏறக்குறைய 96 வீதம் கனிமம். தாங்கிப் பிடிக்கக் கொலாஜனும் கிடையாது. கனிமத்தைக் கரைத்தால் மிளிரியே இல்லாமல் போய்விடும். கரைத்து எடுக்கும் முறை எதைக் கரைக்கிறதோ அதைப் பற்றிப் பேசாது.

தேய்த்துப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி. பணம் குறைந்தவர்களுக்கு இதைவிட நேர்மையான வழி வேறில்லை.

சாதாரண முறையில், காய்ந்த எலும்பிலிருந்து ஹக்சோ பிளேட்டால் ஒரு மெல்லிய துண்டை அறுத்து, மோட்டார் வேலைத்தளங்களில் இருக்கும் வோட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, கரடு தாளில் தொடங்கி மிக மென்மையான தாள் வரை தேய்க்க வேண்டும். 50 முதல் 100 மைக்ரோமீற்றருக்கு வந்ததும் ஒளி ஊடுருவும். காயவிட்டுப் பார்த்தால் கலக்குழிகளிலும் நுண்கால்வாய்களிலும் காற்று நிற்கும். காற்று நின்ற இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். சாயமே வேண்டாம். சிலந்திகள் கைகோத்து நிற்பதுபோல அந்தக் குழிகள் முழுவதும் தெரிவதை முதல் தடவை பார்த்த மாணவர் யாரும் மறந்ததில்லை. ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கும் தாளை உடைந்த கணினித் திரையிலிருந்து இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை மாதிரிக்குக் கீழும் மற்றதைக் குறுக்காகத் திருப்பி மேலும் வைத்தால், கொலாஜன் ஓடும் திசை வெளிச்சமும் இருளுமாகத் தெரியும். ஏவேசின் தொகுதியின் நடுவில் ஒரு கறுப்புச் சிலுவை வரும்.

ஓர் எச்சரிக்கை. இறைச்சிக் கடையில் வாங்கும் எலும்பு பெரும்பாலும் இளம் விலங்கினது. ஆடு, மாடு போன்ற விரைவாக வளரும் விலங்குகளின் இளம் எலும்பில் பாடப்புத்தகத்து வட்டங்கள் அதிகம் தெரியாது. சுவருக்குக் கல் அடுக்கியதுபோல நீள அடுக்குகள்தான் வரும். அது எலும்பு தன் வேகத்துக்குத் தக்கபடி கட்டிய கட்டடம். வட்டத்தைத் தேடி நேரத்தைக் கொட்டாமல், அடுக்கை அடுக்காகவே பதிவு செய்யுங்கள்.

இந்தத் தேய்ப்பையே முப்பரிமாணத்துக்குத் திருப்பலாம். பஞ்சென்பில் 5 மில்லிமீற்றர் கனசதுரம் ஒன்றை வெட்டி, மச்சையைக் கழுவி, அற்ககோலிலும் அசற்றோனிலும் நீரையும் கொழுப்பையும் எடுத்து, துளைகளுக்குள் கறுப்பு நிறமி கலந்த றெசினை ஊற்றி இறுகவிட வேண்டும். வேறெங்கும் தேடத் தேவையில்லை. குருநகர், பாசையூர்ப் பக்கம் பைபர் படகு திருத்துபவர்கள் பயன்படுத்தும் றெசினே போதும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இறுக்கியையும் விரைவாக்கியையும் ஒருபோதும் ஒன்றோடொன்று நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை றெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது.

இப்போது றெசினோடு இறுகிய குற்றியின் முகத்தில் எலும்பு வெள்ளை, துளை கறுப்பு. 50 மைக்ரோமீற்றர் தேய்ப்பது, கடதாசிகளைப் படமெடுக்கும் தட்டை ஸ்கானரின் கண்ணாடியில் வைத்துப் படம் எடுப்பது, மறுபடி தேய்ப்பது. அங்குலத்துக்கு 2400 புள்ளியில் ஒரு புள்ளி ஏறக்குறைய 10 மைக்ரோமீற்றர். எவ்வளவு தேய்ந்தது என்பதைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்து நுண்மானித் திருகுக் கணிச்சி 0.01 மில்லிமீற்றருக்குச் சொல்லும். நாலு மூலையிலும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் கூடத் தேய்ந்தால் முழுத் தரவும் சரிந்துவிடும். படங்களைப் பொருத்துவதற்கு, வார்த்த உடனேயே குற்றியில் நேராக இரண்டு துளையும் சரிவாக ஒரு துளையும் போட்டு வெள்ளை நிறம் நிரப்பி வைப்பது நல்லது. நேர்த்துளைகள் படத்தை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்; சரிந்த துளை நகரும் தூரம் ஆழத்தைச் சரிபார்க்கும். 100 படம். ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றால் 25 மணி நேரம். படங்களை அடுக்கி அளக்க இமேஜ்ஜே என்ற மென்பொருளும், எலும்புக்கென்றே செய்த போன்ஜே என்ற அதன் இணைப்பும் இலவசம்.

இந்த முறைக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, பார்த்த இடம் தூளாகிப் போய்விடும். திரும்பிப் பார்க்க முடியாது. மற்றது, ஆழத்தில் 50 மைக்ரோமீற்றர் என்றால் மெல்லிய சட்டத்துக்கு இரண்டு மூன்று படலம்தான் கிடைக்கும். திசை காட்ட அது போதும். தடிப்பை நுணுக்கமாகச் சொல்ல மட்டுமட்டு.

மைக்ரோ சி.ரி.

ஆஸ்பத்திரியில் சி.ரி. ஸ்கான் எடுக்கும்போது கருவி ஆளைச் சுற்றும். இதில் மாதிரி சுற்றும். எக்ஸ் கதிர் மூலத்துக்கும் உணரிக்கும் நடுவில் எலும்பு சிறு சிறு கோணமாகத் திரும்ப, நூற்றுக்கணக்கான நிழற்படங்களை எடுத்து, கணினி அவற்றிலிருந்து உள்ளிருப்பதைக் கட்டியெழுப்பும். ஆஸ்பத்திரி ஸ்கானில் ஒரு படலம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவு. அதில் பஞ்சென்பின் சட்டங்கள் தனித்தனியாகத் தெரியாது. மைக்ரோ சி.ரி.யில் சில மைக்ரோமீற்றர் வரை போகலாம். ஃபெல்ட்காம்ப் என்பவரும் கூட இருந்தவர்களும் 1989இல் பஞ்சென்பை இப்படி நேரடியாக முப்பரிமாணத்தில் அளந்து காட்டினார்கள். எலும்பு அமைப்பை ஆராய்பவர்கள் இன்று முதலில் கைவைப்பது இதில்தான்.

பெறாமகளின் கேள்விக்கு நேராகப் பொருந்தும் கருவி இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எலும்பு உடையாது. திசை, தடிப்பு, இணைப்பு மூன்றையும் ஒரே தரவிலிருந்து எடுக்கலாம். ஆனால் படம் அழகாக வருவதால் அதை அப்படியே நம்பிவிடும் ஆபத்தும் இதில்தான் கூட.

உணரியின் அகலம் 2000 புள்ளி என்று வைப்போம். 2 சென்ரிமீற்றர் அகலமுள்ள தொடை எலும்புத் தலை முழுவதும் அதற்குள் வர வேண்டுமென்றால், ஒரு கனப்புள்ளி 10 மைக்ரோமீற்றர். இன்னும் நுணுக்கம் வேண்டுமா, மாதிரியைச் சிறிதாக வெட்டு. பெரிய மாதிரியும் நுணுக்கமும் ஒருசேரக் கிடைக்காது. அப்படி எடுத்த தரவு 2000 தர 2000 தர 2000, அதாவது 800 கோடிக் கனப்புள்ளி. ஒன்றுக்கு 2 பைற் என்றால் 16 கிகாபைற். அவளுடைய மடிக்கணினியில் அதைத் திறக்கவே ஏலாது. தரவு கிடைத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்னமே தெரிந்திருப்பது நல்லது.

அதைவிடப் பெரிய விடயம், எலும்பு எது, வெறுமை எது என்று பிரிக்கும் எல்லை. சாம்பல் நிறத்தில் ஓர் இடத்தில் கோடு கிழித்து, அதற்கு மேல் எலும்பு, கீழ் வெறுமை என்கிறோம். கோட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் மெல்லிய சட்டங்கள் அறுந்து போகும். தாழ்த்தினால் அறுந்திருந்தவை ஒட்டிக்கொள்ளும். "எது எதோடு இணைந்திருக்கிறது" என்ற கேள்விக்கு விடையை எலும்பு சொல்கிறதா, அந்தக் கோடு சொல்கிறதா என்று தெரியாமல் போகலாம். இதைச் சரிபார்க்க நேரான வழி, அதே எலும்பின் ஓர் இடத்தை வெட்டித் தேய்த்து, கண்ணால் பார்த்து ஒப்பிடுவது. தேய்ப்பதும் ஸ்கானும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான்.

இன்னொரு குருட்டுப் புள்ளி. எக்ஸ் கதிர் கனிமத்தைப் பார்க்கும். கசியிழையத்தையும் மச்சையையும் அநேகமாகப் பார்க்காது. பால்குடிக் குட்டியின் தொடை எலும்பில் தலைக்கும் தண்டுக்கும் நடுவே வளர்ச்சித் தட்டு கசியிழையமாகவே இருக்கும். ஸ்கானில் தலை தனியாக அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். தெரியாதவர் பார்த்தால் எலும்பு முறிந்திருக்கிறது என்றே எழுதிவிடுவார். றெசின் முறையிலும் இதே கதை. காயவைக்கும்போது கசியிழையம் சுருங்கி உருக்குலைந்து போகும். அந்த இடத்தில் கரைத்து வெட்டும் பழைய முறைதான் கைகொடுக்கும்.

மைக்ரோமீற்றருக்கும் கீழே போக வேண்டுமென்றால் பெரும்பாலும் சிங்குரோத்திரன் ஒளியைத்தான் நாடுவார்கள், அதாவது வளையப் பாதையில் வேகமாக ஓடும் இலத்திரன்கள் விடும் செறிவான எக்ஸ் கதிரை. நமக்கு அருகில் என்றால் இந்தியாவின் இந்தோரில் இண்டஸ்-2 இருக்கிறது. கலக்குழிகளை ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டிய ஆய்வுக்கு அது பொருந்தும். இவளுக்குத் தேவையில்லை.

இலத்திரன் நுணுக்குக்காட்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண வருடும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் படம் மலைத்தொடரைப் பார்ப்பதுபோல ஆழத்தோடு இருக்கும். அந்த ஆழத்தைக் கண்டு அது முப்பரிமாணத் தரவு என்று நினைக்கக் கூடாது. அது மேற்பரப்பின் படம், பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

உண்மையான முப்பரிமாணம், அயன் கற்றையால் 10 நனோமீற்றர் அளவில் சீவிச் சீவிப் படம் எடுக்கும் கருவியில் இருக்கிறது. கொலாஜன் நார்க்கட்டுகள் படலத்துக்குப் படலம் திசை மாறுவது, ஒழுங்கான கட்டுகளுக்கிடையே ஒழுங்கற்ற பகுதியும் இருப்பது எல்லாம் இந்த வழியில் தெளிவானவை. 2018இல் ரெஸ்னிகோவும் கூட்டாளிகளும் எலும்பில் 12 படிநிலை அமைப்பு இருப்பதாக எழுதியதும் இந்த அளவில் பார்த்துத்தான். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சீவினாலும் கிடைப்பது 10 மைக்ரோமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரம் அளவுதான். ஒரு கன சென்ரிமீற்றர் எலும்பில் அது 100 கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை வைத்து ஆட்டுக் குட்டிக்கும் ஆட்டுக்கும் வேறுபாடு சொன்னால் யாரும் நம்பக் கூடாது. படிக்க வேண்டிய துறை இது. இந்த ஆய்வுக்கு எடுக்க வேண்டிய வழி அல்ல.

எலும்பு இல்லாமல் கடலிலிருந்து எடுத்தால்?

அவளுடைய தோழி ஒருத்தி கடலுயிர்களில் இதே வேலையைச் செய்ய நினைக்கிறாளாம். அதையும் கேட்டாள். நல்ல யோசனை, நம்மைச் சுற்றிக் கடல், காலின் கீழே சுண்ணக்கல், நெடுந்தீவில் மதில்கூடப் பவளக்கல். ஆனால் தெரிவு மாறும்.

கணவாய் ஓடு, சித்த மருத்துவத்தில் கடல்நுரை என்பது, முற்றிலும் வேறு கட்டடம். அரகனைற்று என்ற சுண்ணக் கனிமத்தின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே நிற்கும் வளைந்த மெல்லிய சுவர்கள், மிச்சமெல்லாம் வெறுமை. 90 வீதத்துக்கு மேல் துளைதான். அந்தச் சுவர்கள் 10 மைக்ரோமீற்றரைவிட மெல்லியவை. எலும்புக்குப் போதுமான ஸ்கான் இதற்குப் போதாது. சுவரையே காணாமல் விட்டுவிடும். தேய்த்தால் நொறுங்கும், முதலில் றெசின் ஊற்றியே ஆக வேண்டும். அமிலத்தில் போட்டால் நுரைத்துக் கரைந்து, மெல்லிய கரிமப் படலங்கள் மட்டும் மிதக்கும்.

நண்டின் ஓடு இன்னும் சுவாரசியமானது. அதில் கொலாஜன் இல்லை, கைற்றின் நார்கள். ஒரு பாயின்மேல் இன்னொரு பாயைச் சற்றுத் திருப்பி, அதன்மேல் இன்னொன்றை இன்னும் கொஞ்சம் திருப்பி விரித்துக்கொண்டே போனால் எப்படியோ, அப்படி அடுக்கியிருக்கும். எலும்பின் வளையங்களுக்குள்ளும் நார்கள் இதுபோலத் திசை மாறுகின்றன. இரண்டு வேறு உயிர், இரண்டு வேறு பொருள், ஒரே கட்டுமான உத்தி! நண்டுக் கறி சாப்பிட்டுவிட்டு எறியும் ஓட்டில் இதைப் பார்க்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். இதற்குக் கரைத்து வெட்டுவது நன்றாக வரும், ஏனென்றால் நாம் பார்க்க விரும்புவது நார். சிப்பியின் முத்துப் படலத்துக்கு அது உதவாது. அங்கே ஏறக்குறைய 95 வீதம் கனிமம், அரை மைக்ரோமீற்றர் தடிப்புள்ள தகடுகள். உடைத்த முகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே நேர்வழி.

எதை எடுத்தோம்

வளர்ந்த ஆடு நாலு, பால்குடிக் குட்டி நாலு. எட்டுத் தொடை எலும்பையும் மைக்ரோ சி.ரி.க்கு அனுப்பினால் செலவும் காத்திருப்பும் அவளைத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஒன்று, மொத்தம் இரண்டு மட்டும் ஸ்கானுக்குப் போகும். அனுப்பும்போது காயாமல் உப்புநீர்த் துணியில் சுற்றி, பொலித்தீனில் இறுக்கி, மேல்பக்கம் எது, முன்பக்கம் எது என்று குறித்து அனுப்ப வேண்டும். திசை பற்றிய ஆய்வில் திசையைக் குறிக்க மறந்தால் மிச்சம் எதுவும் இல்லை. தரவு எங்கே, எந்தக் கோப்பு வடிவில், எத்தனை மைக்ரோமீற்றரில் வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

வளர்ந்த ஆட்டில் ஸ்கான் முடிந்து திரும்பி வருவதோடு சேர்த்து நாலிலும் றெசின் ஊற்றித் தேய்ப்பு. ஒரே எலும்பு இரண்டு முறையிலும் வருவதால் எல்லைக்கோட்டை எங்கே கிழிப்பது என்று தேய்ப்பு சொல்லும். குட்டியில் மற்ற மூன்றையும் நெடுக்காகப் பிளந்து ஒரு பாதி தேய்ப்புக்கு, மறு பாதி ஈடிடிஏயில் கரைத்துக் கசியிழையத்தைப் பார்ப்பதற்கு. குட்டியின் தேய்ப்பில் வளர்ச்சித் தட்டைத் தவிர்த்துத் தண்டுப் பக்கத்தை மட்டும் அளப்போம்.

அவள் மேற்பார்வையாளர் கேட்ட ஒரே வழிக்குப் பதிலாக மூன்றைக் கொண்டுபோகிறாளே என்று முதலில் தயங்கினாள். எந்த வழி எந்தக் கேள்விக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோகச் சொன்னேன். தமிழிலும் எழுதி வைத்தாள். மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றைத் தமிழில் எழுதி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் இது. என்பு என்று எழுதுவதா எலும்பு என்று எழுதுவதா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.

முதல் குற்றியை வெள்ளிக்கிழமை வார்த்தோம். கறுப்பு நிறமி போதவில்லை. துளைகள் சாம்பலாகத் தெரிந்தன, ஸ்கானர் படத்தில் எலும்போடு கலந்துவிட்டது. அடுத்த குற்றிக்கு நிறமியைக் கூட்டி, ஊற்றிய கையோடு சைக்கிள் பம்பின் வால்வைத் திருப்பிப் போட்டுக் காற்றை உறிஞ்சியெடுத்தோம். அது நேற்று இறுகியது. முதல் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பிரிந்து தெரிகின்றன. இன்னும் 99 படம் இருக்கிறது.